கடை விரிக்க எந்தத் திருவிழா? இ3 போன பிறகு கேம் வெளியீட்டாளர்களுக்கு மிச்சமிருக்கும் வழிகள்

2013 ஜூன் 11, நம்மூர் நேரப்படி காலை ஆறரை மணி. அறை நண்பனின் லேப்டாப்பில், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் சோனி போட்ட மேடை ஓடிக்கொண்டிருந்தது, ஓடியது பாதி, சுற்றிக்கொண்டு நின்றது பாதி. முந்தைய இரவுதான் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு 499 டாலர் என்று விலை சொல்லியிருந்தது. இப்போது சோனியின் ஜாக் ட்ரெட்டன் மேடையில் நின்று, பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கை நீங்கள் விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த அரங்கத்தில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் சோனியின் ஆண்ட்ரூ ஹவுஸ் வந்து 399 டாலர் என்றார். ஒரே ஊர், அந்த ஊர்க் கணக்கில் ஒரே நாள், இரண்டு போட்டியாளர்கள், நடுவில் 100 டாலர் வித்தியாசம். அந்தத் தலைமுறையின் கன்சோல் போட்டி பாதி அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்த மேடை இப்போது இல்லை. இ3 இனி எப்போதும் நடக்காது என்று 2023 டிசம்பர் 12 அன்று அறிவித்துவிட்டார்கள். அதிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இதுதான்: இவ்வளவு பெரிய கண்காட்சிகளால் கேம் வெளியிடும் கம்பெனிக்கு இன்னும் லாபம் உண்டா, இல்லை யூடியூபில் ஒரு ட்ரெய்லர் போட்டால் போதுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி சொல்வதற்காக மட்டும் கண்காட்சிக்குப் போவது வீண் செலவு. கேமை ஆளின் கையில் கொடுத்து விளையாட வைப்பதற்குப் போனால், அதற்கு ஈடான இன்னொரு வழியை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு பெரிய கம்பெனிக்கு ஒரு மாதிரியும் சின்ன கம்பெனிக்கு வேறு மாதிரியும் வரும், குழப்பமெல்லாம் அங்கேதான்.

முதலில் பழைய வழி, இ3. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது, அதற்கு முன்பு கேம் கம்பெனிகள் சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் டிவிக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் ஓர் ஓரமாக ஸ்டால் போட்டுக்கொண்டிருந்தன. முதல் இ3-யிலேயே சேகா தன் சாட்டர்ன் கன்சோலை 399 டாலருக்கு அன்றைக்கே விற்பனைக்கு விட்டதாக அறிவித்தது, சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி “299” என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவாகப் பேசப்படாத விஷயம், அந்தக் கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது. இ3 ரசிகர்களுக்காக உருவானதே இல்லை. கிறிஸ்துமஸ் சீசனுக்கு எந்த கேம் எத்தனை பெட்டி வாங்கி அலமாரியில் அடுக்குவது என்று முடிவு செய்கிற பெரிய கடைச் சங்கிலிகளின் கொள்முதல் ஆட்களுக்காக உருவானது. அவர்களுக்கு அடுத்து பத்திரிகைக்காரர்கள். நமக்கு எட்டியதெல்லாம் அவர்கள் மூலமாக எட்டியதுதான்.

அந்த இரண்டு தூணும் ஆடியதும் கூரை இறங்கிவிட்டது. கேம்களை டவுன்லோடு செய்து வாங்குவது பெருகப் பெருகக் கடைக்காரரின் ஆர்டருக்கு இருந்த கனம் குறைந்தது. 2019-இல் சோனி முதல் முறையாக இ3-க்குப் போகாமல் இருந்தபோது அந்தக் கம்பெனியின் ஷான் லேடன் சொன்ன காரணம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது: கடைக்காரர்களுடன் பேசுவதற்கு பிப்ரவரியிலேயே தனியாக ஒரு நிகழ்ச்சி நடத்துகிறோம், கிறிஸ்துமஸ் வியாபாரத்தைப் பற்றிப் பேச ஜூன் மாதம் ரொம்பத் தாமதம் என்றார். அதாவது திருவிழாவின் தேதியே வியாபாரத்துக்குப் பொருந்தவில்லை. கோவிட் வந்து கொன்றது என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும். 2013-இல் நின்டெண்டோ மேடை நிகழ்ச்சியை விட்டது, 2016-இல் இஏ என்ற கேம் கம்பெனி அரங்கை விட்டுப் பக்கத்திலேயே தனி விழா எடுத்தது, 2019-இல் சோனி. கோவிட் வருவதற்கு முன்பே முக்கால்வாசி முடிந்த கதை. 2023-இல் திரும்ப நடத்தப் பார்த்தார்கள், பெரிய பெயர்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கைவிரிக்க, மார்ச் 30 அன்று ரத்து.

கூட்டத்தைக் குறைத்துச் செலவைக் குறைக்கலாம் என்பதையும் ஒருமுறை செய்து பார்த்தாகிவிட்டது. 2005-இல் சுமார் 70,000 பேர் வந்த இடம், 2007-இல் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாறிப் பத்தாயிரம் பேராகச் சுருங்கியது, அடுத்த வருடம் ஐயாயிரம். யாருக்கும் பிடிக்கவில்லை. கூட்டமும் சத்தமும் இல்லாத இ3-க்குச் செய்தியில் இடம் கிடைக்கவில்லை, 2009-இல் பழையபடி பெரிதாக்கினார்கள்.

சரி, இரண்டாவது வழி, சொந்த லைவ்ஸ்ட்ரீம். 2011 அக்டோபரில் நின்டெண்டோ டைரக்ட் என்ற நின்டெண்டோவின் சொந்த வீடியோ நிகழ்ச்சி தொடங்கியது. லாபம் என்ன என்று பார்த்தால் பட்டியல் நீளும். அன்றைய நாள் முழுக்க உங்களுடையது, பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து அரங்கில் இன்னொருவர் உங்களைத் தூக்கிச் சாப்பிட மாட்டார். சதுர அடி வாடகை, மேடை அமைப்பு, மின்சாரம், ஹோட்டல், விமானம் எதுவும் கிடையாது. இதையெல்லாம் விடப் பெரிய லாபம் ஒன்று உண்டு, தேதி உங்கள் கையில் இருக்கும். கண்காட்சியின் தேதி ஒருவருக்காகவும் தள்ளிப்போகாது, அதனால் கேம் பாதி வெந்த நிலையில் இருந்தாலும் பத்து நிமிட டெமோவை மட்டும் மெருகேற்றிக் காட்ட மாதக்கணக்கில் ஆட்களை இழுத்துப் போடுவார்கள், அந்த உழைப்பில் பெரும்பகுதி கடைசியில் கேமுக்குள் வராது. வாட்ச் டாக்ஸ் என்ற கேம் 2012 இ3-யில் காட்டிய மழைக்கால சிகாகோவையும் 2014-இல் கடைக்கு வந்த சிகாகோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசிகர்கள் கோபப்பட்டது நினைவிருக்கும். அந்தக் கோபத்தின் விலையும் கண்காட்சிச் செலவில் சேர வேண்டியதுதான்.

ஆனால் சொந்த ஸ்ட்ரீமுக்கு ஒரு முன் நிபந்தனை இருக்கிறது: உங்கள் வாசலில் ஏற்கெனவே கூட்டம் நிற்க வேண்டும். ராக்ஸ்டார் கம்பெனி எந்தக் கண்காட்சிக்கும் போகாமல் 2023 டிசம்பரில் தன் ஜிடிஏ 6 கேமின் ட்ரெய்லரை யூடியூபில் போட்டது, ஒரே நாளில் 9 கோடிக்கும் மேல் பார்வைகள். இதைக் காட்டி “பார், கண்காட்சி தேவையில்லை” என்பது, ரஜினி படத்துக்கு போஸ்டர் ஒட்டாமலேயே கூட்டம் வருகிறதே என்று புதுமுக நடிகரிடம் சொல்வது மாதிரி. அதே சமயம், பெரிய கம்பெனியின் ஸ்ட்ரீமும் கேமைக் காப்பாற்றாது. சோனி தன் சொந்த ஸ்டேட் ஆஃப் ப்ளே நிகழ்ச்சியில் 2024 மே மாதம் முழுசாக அறிமுகம் செய்த கான்கார்ட் என்ற கேம், ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது.

நின்டெண்டோவையே இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் கண்காட்சி வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 2013-இல் அவர்கள் விட்டது மேடையை மட்டும், ஸ்டாலை விடவில்லை. 2016 இ3-யில் மொத்த ஸ்டாலையும் ஒரே ஒரு செல்டா கேமுக்காகக் கட்டி, அதை விளையாடுவதற்கே மணிக்கணக்கில் வரிசை நின்றது. 2025 ஏப்ரல் 2 அன்று ஸ்விட்ச் 2 கன்சோலுக்கான டைரக்ட் வந்தது, மறுநாள் அவர்களுடைய லைவில் ஆட்கள் மரியோ கார்ட்டைச் சிரித்துச் சிரித்து விளையாடிக்கொண்டிருக்க, பக்கத்துச் சாட் பெட்டியில் மேலிருந்து கீழ் வரை “விலையைக் குறை, விலையைக் குறை” என்ற ஒரே வரி வெள்ளமாக ஓடியது, அமெரிக்காவில் அந்த கேமுக்கு 80 டாலர் என்ற கோபம். திரையில் பார்ப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது விலைதான். அதே நாட்களில் நியூயார்க், பாரிஸ், லண்டன், டோக்கியோ என்று ஊர் ஊராக நின்டெண்டோ அரங்கம் போட்டு அந்தக் கன்சோலை ஜனங்கள் கையில் கொடுத்தது. புது கன்சோலின் எடை, அதன் ஜாய்கான் கன்ட்ரோலர் காந்தத்தில் ஒட்டுகிற அந்தச் சின்ன ‘டக்’, இதையெல்லாம் எந்த ட்ரெய்லரும் சொல்லாது. 2024-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்து கேம்ஸ்காம் கண்காட்சிக்கு வராத நின்டெண்டோ 2025-இல் திரும்ப வந்து ஸ்டால் போட்டது. சொந்த ஸ்ட்ரீமை வெற்றிகரமாக ஆக்கிக் காட்டிய கம்பெனியே தொட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று வந்து நிற்கும்போது, அந்தத் தேவை பொய்யில்லை.

மூன்றாவது வழி எனக்கு மனதுக்கு ஒட்டாதது: காசு கொடுத்துப் பொது ஸ்ட்ரீமில் இடம் வாங்குவது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜெஃப் கீலி 2020-இல் தொடங்கிய சம்மர் கேம் ஃபெஸ்ட்தான் இ3 விட்டுப்போன ஜூன் மாதத்தைப் பிடித்திருக்கிறது. 2024-இல் அங்கே ஒரு நிமிட ட்ரெய்லருக்கு 2.5 லட்சம் டாலர், இரண்டரை நிமிடத்துக்கு 5.5 லட்சம் டாலர் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. காசு வாங்காமல் தேர்ந்தெடுத்துக் காட்டுகிற இடங்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை, அப்படி வெளிச்சம் கண்ட சின்ன கேம்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு மணி நேரத்தில் டஜன் கணக்கில் ட்ரெய்லர் வரிசையாக வந்து போகிற இடத்தில், ஐந்து பேர் சேர்ந்து நடத்துகிற ஸ்டூடியோ தன் மொத்த விளம்பரப் பணத்தையும் ஒரு நிமிடத்தில் கொட்டினால், அடுத்த ட்ரெய்லர் தொடங்கிய நொடியே பார்த்தவன் மறந்திருப்பான். இ3-யில் பணம் கொடுத்தால் மூன்று நாள் தரை கிடைத்தது, ஒரு மேஜை கிடைத்தது, யாராவது தற்செயலாக வந்து நின்று கன்ட்ரோலரை எடுத்தார்கள். இங்கே அறுபது நொடி மட்டும்.

இ3 போனதில் அதிகம் இழந்தது சோனியோ மைக்ரோசாஃப்டோ இல்லை, நடுத்தர, சின்ன வெளியீட்டாளர்கள் என்று நான் நம்புவது இதனால்தான். டெவால்வர் டிஜிட்டல் என்ற கம்பெனி பல வருடம் இ3-க்கு உள்ளே ஸ்டால் எடுக்காமல், எதிரே இருந்த கார் நிறுத்தத்தை வாடகைக்குப் பிடித்து, வெள்ளி நிற டிரெய்லர் வண்டிகளை நிறுத்தி, உள்ளே ஏசி போட்டுப் பத்திரிகைக்காரர்களை உட்கார வைத்து கேம் காட்டியது. கோயிலுக்குள் கடை கிடைக்காவிட்டால் தேரடியில் போடுவோமே, அது மாதிரி. உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் அந்த வாரம் அந்த ஊரில் இருந்ததால்தான் அது பலித்தது. தேர் நின்றுவிட்டால் தேரடியில் யார் வருவார்கள்?

நான்காவது வழி, பொதுமக்களுக்கான பெரிய கண்காட்சி. கேம்ஸ்காம் 2009-இலிருந்து கொலோனில் நடக்கிறது, 2025-இல் 128 நாடுகளிலிருந்து 3.57 லட்சம் பேர் வந்தார்கள். 2019-இன் 3.73 லட்சத்தை இன்னும் எட்டவில்லை, ஆனால் செத்துப்போன துறையின் எண் இது இல்லை. அங்கே கடைக்காரரை நம்பி யாரும் போவதில்லை. டிக்கெட் வாங்கிய ஜனம், மடித்து எடுத்துப் போகிற அட்டை முக்காலியில் உட்கார்ந்து இருபது நிமிட டெமோவுக்காக இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கிறது. அப்படிக் காத்திருந்தவன் விளையாடும்போது, பின்னால் நிற்கிற டெவலப்பர் அவன் விரல் எங்கே தடுமாறுகிறது, எந்தக் கதவை அவன் கவனிக்கவே இல்லை, எங்கே முன்னால் சாய்ந்து உட்காருகிறான் என்று பார்க்கிறார். தனிக் கூடத்தில் வியாபாரப் பகுதி வேறு இருக்கிறது, மேஜைக்கு மேஜை அரை மணி நேரச் சந்திப்புகள், வெளியீட்டாளரைத் தேடுகிற ஸ்டூடியோக்களும் ஸ்டூடியோவைத் தேடுகிற வெளியீட்டாளர்களும்.

இதன் பலனுக்குச் சிறந்த சாட்சி பிளாக் மித் வூகாங் என்ற கேம். சீனாவின் கேம் சயின்ஸ் 2020 ஆகஸ்டில் 13 நிமிட வீடியோ போட்டது, உலகமே பார்த்தது, கூடவே “இதெல்லாம் நிஜமா, இல்லை வெறும் வீடியோவா” என்ற சந்தேகமும் மூன்று வருடம் ஓடியது. 2023 கேம்ஸ்காமில் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார்கள், விளையாடியவர்கள் வெளியே வந்து எழுதினார்கள், சந்தேகம் அடங்கியது. 2024 ஆகஸ்டில் வெளியாகி மூன்றே நாளில் ஒரு கோடி பிரதி. கவனத்தை வாங்கித் தந்தது யூடியூப், நம்பிக்கையை வாங்கித் தந்தது கொலோன் அரங்கு.

ஐந்தாவதாக, பிசி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் நடத்துகிற நெக்ஸ்ட் ஃபெஸ்ட். வருடத்துக்கு மூன்று முறை, டெமோவை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இலவசமாக விளையாடலாம், பிடித்தால் அங்கேயே விஷ்லிஸ்டில், அதாவது வாங்க நினைக்கிற பட்டியலில் போடலாம். பிசி கேம் செய்கிற சின்ன ஸ்டூடியோவுக்கு இதைத் தவறவிடுவது பெரிய பிழை. குறை என்னவென்றால் ஆயிரக்கணக்கான டெமோ ஒரே வாரத்தில் வந்து கொட்டும், முன்பே கொஞ்சம் விஷ்லிஸ்ட் சேர்த்துக்கொண்டு போகாதவர்கள் அடியில் போய்விடுவார்கள். தவிர, ஆயிரம் பேர் எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று எண் காட்டும், ஏன் போனார்கள் என்று அவர்கள் முகம் மட்டும்தான் காட்டும்.

ஆக, பெரிய கம்பெனி செய்தியைத் தன் ஸ்ட்ரீமில் சொல்லட்டும், கேமை கேம்ஸ்காமிலோ டோக்கியோ கேம் ஷோவிலோ ஜனங்கள் கையில் கொடுக்கட்டும். 2025 ஆகஸ்டில் ஹாலோ நைட் சில்க்சாங் என்ற கேம் செய்தது அதுதான், அதை உருவாக்கிய டீம் செர்ரி மூன்றே பேர் கொண்ட குழுவாக இருந்தும் ஆறு வருடக் காத்திருப்பு அவர்களுக்கு ராக்ஸ்டார் மாதிரியான கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தது: வெளியீட்டுத் தேதியைத் தங்கள் வீடியோவில் சொன்னார்கள், அதே வாரம் கொலோனில் எக்ஸ்பாக்ஸ் அரங்கில் அதை விளையாடலாம். அடுத்தவர் எடுத்த அரங்கில் ஒரு மூலை கிடைத்ததே போதுமானதாக இருந்தது. செப்டம்பர் 4 அன்று வெளியானபோது ஸ்டீம் கடையே திணறி நின்றது.

அந்த மாதிரிக் கூட்டம் இல்லாத சின்ன வெளியீட்டாளர் ஒருவர், ஒரே ஒரு பயணத்துக்கான காசு கையில் இருக்கிறது, எங்கே போடுவது என்று கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். ட்ரெய்லர் நிமிடம் வாங்காதீர்கள். நெக்ஸ்ட் ஃபெஸ்டுக்கு டெமோவைத் தயார் செய்யுங்கள், அதே டெமோவை எடுத்துக்கொண்டு கொலோன் போங்கள், பெரிய மேடையெல்லாம் வேண்டாம், சின்ன ஸ்டூடியோக்களுக்கான இண்டி பகுதியில் ஒரு மேஜை, இரண்டு திரை, இரண்டு கன்ட்ரோலர். டெவலப்பரையே கூட்டிப் போங்கள், விற்பனை ஆள் மட்டும் போனால் பயணம் வீண். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும், விளையாடுகிறவர் பின்னால் வாயைத் திறக்காமல் நிற்கட்டும், நாலு நாளும்.