குறைந்த அளவு நிவோலுமாப் ஊசி: அப்பாவுக்குப் போட்டுவரும் அனுபவம்

உள்கன்னத்தில் வந்த புற்றுநோய் ஆபரேஷனுக்கு அப்புறமும் திரும்பிவிட்டது. இப்போது 3 வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப், கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகள். வழக்கமான அளவு 2 வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம், அந்தச் செலவு எங்களால் தாங்க முடியாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆய்வில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தபோது 43.4 என்று படித்த பிறகுதான் மனதில் தெம்பு வந்தது.

ஊசி செய்வது இதுதான்: புற்றுநோய் செல் தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி, தாக்க வரும் டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் பிடி-1 என்ற பிரேக்கை அழுத்தி அதை அடக்கிவிடுகிறது, நிவோலுமாப் அந்த பிரேக்கை மூடிக்கொள்வதால் டி செல் மறுபடி வேலை செய்ய முடிகிறது. ஆனால் சில கட்டிகள் தங்களைக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ மூலக்கூறுகளையே குறைத்து ஒளிந்துகொள்கின்றன, அதனால் எல்லோருக்கும் கேட்காது. இதை முதலில் போன மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

ஊசி அரை மணி நேரம்தான். தைராய்டு மட்டும் தவறாமல் பாருங்கள், இந்த ஊசியால் அதன் சுரப்பு குறையலாம். நாலாவது ஊசிக்கு அப்புறம் அப்பா ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.