1914, 1939: இரண்டு உலகப் போர்கள் தொடங்கிய விதம்

1914 ஜூன் 28, போஸ்னியாவின் சரயேவோ நகரம். காலையில்தான் ஒரு வெடிகுண்டு வீச்சில் தப்பியிருந்தார் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட். அப்புறம் அவருடைய கார் தவறான தெருவில் திரும்பி நின்றுவிட, பக்கத்திலேயே 19 வயது போஸ்னிய செர்பியன் கவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கியோடு நின்றிருந்தான். இரண்டு குண்டுகள்; இளவரசரும் மனைவியும் இறந்தார்கள். ஆஸ்திரியா செர்பியா மீது பாய, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் என்று ஒவ்வொன்றாக இறங்கின. ஆகஸ்ட் 4-க்குள் எல்லாரும் களத்தில்.

1939-இல் இப்படி ஒரு தற்செயல் கிடையாது. சாக்குகூடத் தயாரித்ததுதான்: ஆகஸ்ட் 31 இரவு, போலந்துக்காரர்கள் போல நடித்து, ஜெர்மனியின் எல்லை ஊரான கிளைவிட்ஸின் வானொலி நிலையத்தைத் தாக்கியது ஹிட்லரின் எஸ்.எஸ். படையே. மறுநாள் விடியும்போது போலந்துக்குள் ஜெர்மன் படை. ஒரு வாரம் முன்புதான் சோவியத் தலைவர் ஸ்டாலினோடு, ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் முடிந்திருந்தது. 1914-இல் பழியை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இங்கே அதற்கு இடமில்லை என்பது என் எண்ணம்.

முதல் ஆண்டுகளும் நேர்மாறு. 1914 செப்டம்பரில் பிரான்ஸின் மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மானியர் தடுக்கப்பட்டு, பதுங்குகுழிகளில் ஆண்டுக்கணக்கில் முடங்கினார்கள். (அதே மாதம் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நம் பேச்சிலேயே தங்கிவிட்டது.) 1940-இல் ஆர்டென் காட்டு வழியாக ஜெர்மன் டாங்கிகள் வந்தன, ஆறே வாரத்தில் பிரான்ஸ் பணிந்தது. 1918-இல் ஜெர்மனி போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியைக் கொண்டுவரச் செய்து, அதில்தான் பிரான்ஸைக் கையெழுத்திட வைத்தார் ஹிட்லர்.