முதல் ஹாட் யோகாவுக்கு எந்த அறை?

ஹாட் யோகா, அதாவது சூடாக்கிய அறையில் செய்யும் யோகா, போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்கிறவர்கள் அட்டவணையில் முதலில் தேடுவது சூடு குறைந்த வகுப்பைத்தான். 35 டிகிரி என்று போட்ட வின்யாசாவை (ஆசனங்களை நிற்காமல் கோத்துச் செய்யும் வகுப்பு) பார்த்ததும் ஒரு தைரியம், 40 டிகிரி என்று போட்ட '26 அண்ட் 2' வகுப்பைப் பார்த்ததும் ஒரு பயம். என் கணிப்பு இதற்கு நேர் எதிர். உடம்பில் கோளாறு எதுவும் இல்லாத, யோகாவுக்குப் புதிய ஒருவர், சூடான அறைக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தால், சூடு அதிகமான அந்த அறைதான் அவருக்கு லேசு. சூடே இல்லாத சாதாரண வகுப்பில் தொடங்குவது அதைவிட நல்லது. அதைக் கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம்.

நான் இருப்பது டொராண்டோவில். ஜனவரியில் வெளியே மைனஸ் 15, காலணியை உதறிவிட்டு உள்கதவைத் திறந்தால் வெக்கை முகத்தில் அடிக்கும், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பாதிப் பேர் காசு கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். சென்னையில் இருக்கும் என் அண்ணி இதைக் கேட்டுவிட்டு, "மே மாசம் எங்க மொட்டைமாடிக்கு வா, சும்மாவே கிடைக்கும்" என்றார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சரி, வகுப்புகளுக்கு வருவோம். '26 அண்ட் 2' என்பது பழைய பிக்ரம் யோகாதான். 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி, 90 நிமிஷம், அறை வெப்பம் 40.6 டிகிரி (அமெரிக்கக் கணக்கில் 105), ஈரப்பதம் 40 சதவீதம். கல்கத்தாக்காரரான பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பியது. அவருடைய குரு பிஷ்ணு கோஷ், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. இன்றைக்குப் பல ஸ்டூடியோக்கள் பிக்ரம் பெயரை எடுத்துவிட்டன, காரணம் வழக்குகள். 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி ஒன்று, பாலியல் தொல்லை வழக்கில் அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகருக்கு 70 லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது. அதற்கு முந்தைய வருஷம், இந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஆளை விட்டுவிட்டு வரிசையை மட்டும் யார் வேண்டுமானாலும் நடத்தலாம், நடத்துகிறார்கள்.

இது ஏன் புதியவருக்கு லேசு? வரிசை மாறவே மாறாது, எந்த ஊரில் போனாலும் அதேதான். பெரும்பாலான ஆசனங்கள் இரண்டு தடவை வரும், முதல் தடவை என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம், இரண்டாவது தடவை செய்யலாம். ஆசிரியர் மேடையில் நின்று வாயால் மட்டும் சொல்வார், தான் செய்து காட்ட மாட்டார். முதலில் இது என்னடா வம்பு என்று தோன்றும், ஆனால் காதைக் கொடுத்தால் போதும், கழுத்தைத் திருப்பி யாரையும் பார்க்க வேண்டியதில்லை. முக்கியமான விஷயம், இதில் சூரிய நமஸ்காரம் கிடையாது, அதோமுக ஸ்வானாசனம் (கையையும் காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது) கிடையாது, தலைகீழாக நிற்பதும் கிடையாது. ஈரக் கையை ஊன்றி மொத்த உடம்பையும் தாங்குகிற கட்டமே வராது. பெரும்பாலும் ஓர் இடத்தில் நின்று, அசையாமல் பிடித்து, விட்டுவிட்டு, மூச்சு வாங்குவதுதான்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. ஒற்றைக் காலில் நின்று மறு பாதத்தை இரண்டு கையாலும் கோத்துப் பிடித்து முன்னால் நீட்டச் சொல்வார்கள், அப்போது வியர்வையில் விரல்கள் வழுக்கிக்கொண்டே போகும். துண்டை எடுத்துத் துடைத்தால் சில ஆசிரியர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்க்கட்டும், துடைத்துக்கொள்ளுங்கள். முழங்காலைப் 'பூட்டு, பூட்டு' என்று கத்துவார்கள், மூட்டைப் பின்னால் தள்ளி நிற்காதீர்கள், தொடையை இறுக்கினால் போதும். சூட்டில் தசை இளகி நாம் உடம்பை வில்லாய் வளைக்கிற வித்தைக்காரர் போலத் தோன்றும், வலி மறுநாள்தான் தெரியும். பிற்பாதியில் உஷ்ட்ராசனம் (மண்டியிட்டுப் பின்னால் வளைவது) வரும்போது பலருக்குத் தலை சுற்றும், குமட்டும். அப்போது மண்டியிட்டபடியே உட்கார்ந்துவிடலாம், படுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சில பழைய ஸ்டூடியோக்களில் இன்னமும் தரைக்கம்பளம்தான், அந்த வாடையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இப்போது ஹாட் வின்யாசா. 32லிருந்து 38 டிகிரி வரை, பெரும்பாலும் 60 நிமிஷம், பாட்டு ஓடும், விளக்கைக் குறைத்திருப்பார்கள், கூட்டம் இளசாக இருக்கும். எண்ணைப் பார்த்தால் இதுதான் சுலபம். ஆனால் அறை விடாத சூட்டை இங்கே உடம்பே உண்டாக்கிக்கொள்ளும், ஏனென்றால் நிற்கவே விட மாட்டார்கள். பலகை, சதுரங்க தண்டாசனம், புஜங்காசனம், மறுபடி இடுப்பைத் தூக்கு என்று மூச்சுக்கு ஒரு அசைவு. வரிசை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், ஆசனப் பெயர் தெரியாதவர் எல்லோரையும்விட ஒரு அசைவு பின்னாலேயே இருப்பார், பக்கத்து ஆளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு. கால்மணி நேரத்தில் விரிப்பு நனைந்து கை முன்னால் நழுவ ஆரம்பிக்கும், அந்த நழுவலைத் தடுக்கத் தோளை இறுக்குவீர்கள், மறுநாள் வலிப்பது அந்தத் தோள்தான். ஏற்கெனவே சூரிய நமஸ்காரம் தூக்கத்தில்கூட வரும் என்கிறவர்களுக்கு இது அருமையான வகுப்பு, 26 அண்ட் 2 அவர்களுக்குப் பள்ளிக்கூட டிரில் மாதிரி சலிக்கும். புதியவர் இதற்கு மூன்றாவது மாதம் வந்தால் போதும்.

இன்ஃப்ராரெட் வகுப்பு இன்னொரு ரகம். கூரையிலோ சுவரிலோ பேனல் வைத்திருப்பார்கள், அது காற்றைவிட உடம்பை நேராகச் சூடாக்கும். அறை வறண்டு இருக்கும், மூச்சு விட எளிது. புழுக்கம் ஆகாதவர்களுக்கு நல்ல தேர்வு, பேனலுக்கு நேர் கீழே விரிப்பைப் போடாமல் இருந்தால். இங்கேதான் 'நச்சு எல்லாம் வியர்வையில் வெளியேறும்' என்ற விளம்பரம் அதிகம். வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன.

எந்த அறையானாலும் டிகிரியோடு ஈரப்பதத்தையும் கேளுங்கள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது சொட்டி வீணாகும். அதனால் 36 டிகிரி புழுக்கம் 40 டிகிரி வறட்சியைவிடப் படுத்தலாம்.

இனி சூடே இல்லாத வகுப்பு. இதோடு ஒப்பிடும்போதுதான் ஹாட் யோகா கொஞ்சம் நெளிகிறது. டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒன்று வெளியிட்டார்கள்: உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத நடுத்தர வயதினருக்கு இதே பிக்ரம் வரிசையை 12 வாரம், ஒரு குழுவுக்கு 40.5 டிகிரியிலும் இன்னொரு குழுவுக்கு 23 டிகிரியிலும் நடத்திப் பார்த்தார்கள். ரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி முன்னேறியது, அதாவது வேலை செய்தது ஆசனம், ஹீட்டர் இல்லை. கலோரிக் கதையும் அப்படித்தான். ஒரு வகுப்பில் ஆயிரம் கலோரி எரியும் என்பார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது 90 நிமிஷத்துக்கு ஆண்களுக்குச் சராசரி 460, பெண்களுக்கு 330தான் வந்தது. வேகமாக நடந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். வகுப்பு முடிந்ததும் எடை பார்த்து ஒரு கிலோ குறைந்ததே என்று மகிழ்கிறவர்கள் அடுத்த வேளை தண்ணீர் குடித்ததும் மறுபடி ஏறிப் பார்க்கலாம்.

மனநிலைக்கு நல்லது என்பதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2023இல் வெளியிட்ட சோதனையில், மனச்சோர்வு உள்ளவர்கள் எட்டு வாரம் சூட்டு யோகா செய்தபின் கணிசமாகத் தேறினார்கள். ஆனால் அங்கே ஒப்பிட்டது காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு, சாதாரண யோகா செய்தவர்களோடு அல்ல. சூட்டுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பிறகு ஏன் போவது? பிடிக்கும் என்பதால் போகலாம், அது போதுமான காரணம். போனால் 90 நிமிஷம் வேண்டாம், அதே 26 அண்ட் 2இன் 60 நிமிஷ வடிவத்தை எடுங்கள். 40.6 டிகிரி அறையில் 90 நிமிஷ வகுப்பை அளந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆண்களின் உள்வெப்பம் சராசரியாக 39.6 டிகிரி வரை போனது, ஒருவருக்கு 40ஐத் தாண்டியது. காய்ச்சலில் அந்த எண்ணைப் பார்த்தால் டாக்டருக்கு ஃபோன் போடுவோம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தத்துக்கோ நீர் போகவோ மாத்திரை எடுக்கிறவர்கள் இதில் இறங்கவே வேண்டாம், சூடில்லாத வகுப்பே அவர்களுக்கு.

விரிப்பைக் கடைசி வரிசையில் கதவுப் பக்கம் போடுங்கள், அங்கே கொஞ்சம் காற்று வரும். இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை முந்தின நாளிலிருந்தே குடித்து வாருங்கள், வகுப்பில் மடமடவென்று ஒரு லிட்டரைக் கவிழ்ப்பது ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். முடித்ததும் உப்புப் போட்ட மோர் எந்த பாட்டில் பானத்துக்கும் குறைந்ததில்லை. விரிப்புக்கு மேல் முழு நீளத்துக்குத் துண்டு வேண்டும், வாடகைத் துண்டு சின்னதாக இருக்கும், வீட்டுக் குளியல் துண்டையே எடுத்துப் போங்கள். அப்புறம், பெரும்பாலான ஸ்டூடியோக்களில் புதியவர்களுக்குச் சில நாள் அறிமுகச் சலுகை உண்டு. அதிலேயே சூடான வகுப்பையும் சூடில்லாத வகுப்பையும் ஒரு நாள் இடைவெளி விட்டுப் போய்ப் பார்த்துவிடுங்கள், வருஷச் சந்தா பற்றிக் கவுண்டரில் பேச்செடுத்தால் தலை சுற்றல் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.