தம்பதியருக்கான மோட்டார் கட்டில்: ஒரே மெத்தையா, இரண்டா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில், தோட்டத் தொழிலாளர் லயங்களை விட்டு வெளியேறித் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் குடியேறிய முதிய தம்பதியர் பலருக்கு இன்று ஒரே படுக்கையில் இரண்டு விதமான தேவைகள் இருக்கின்றன. கணவருக்கு நெஞ்செரிச்சல் இருந்தால், இரவில் வயிற்று அமிலம் மேலேறாதபடி தலைப்பக்கம் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்ந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் ரப்பர்ப் பால்மரம் வெட்டி, பால் வாளி சுமந்து தேய்ந்த முதுகை உடைய மனைவிக்கோ, சமமாகப் படுத்தால்தான் தூக்கம் வரும். தலையணைகளை அடுக்கி உயரம் ஏற்றுவது இதற்குத் தீர்வாகாது. கழுத்தும் இடுப்பும் மடங்கி, வயிற்றின் மீது அழுத்தம் கூடுமே தவிர, மார்பு முழுவதும் ஒரே சரிவில் உயராது. அதனால்தான் பிள்ளைகள் ஈப்போவுக்குச் சென்று, தலைப்பக்கமும் கால்பக்கமும் ரிமோட்டில் உயரும் மோட்டார் கட்டிலைப் பற்றி விசாரிக்கிறார்கள். கடையில் முதலில் பேசப்படுவது எந்த நிறுவனம், என்ன விலை என்பதாகவே இருக்கிறது. யாருடைய தலைப்பக்கம் உயர வேண்டும், யாருடையது உயரக்கூடாது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுச் செல்வதே முறை என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மற்ற எல்லாத் தேர்வுகளும் அந்த விடையிலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் தேர்வு, ஒரே மோட்டார் கட்டிலில் ஒரே குயின் மெத்தை. நம் நாட்டில் குயின் என்பது 5 அடி அகலமும் 6 அடி 3 அங்குல நீளமும் கொண்டது. பத்தடிக்குப் பத்தடி அறையில் இதைப் போட்டால் இரு பக்கமும் இரண்டரை அடி நடைவழி கிடைக்கும். சாதாரணக் கடையில் வாங்கிய விரிப்பும் பொருந்தும். நடுவில் இடைவெளி என்ற பேச்சே இல்லை. விலையும் இதற்குத்தான் குறைவு. ஆனால் ஒருவரின் தலைப்பக்கம் உயரும்போது மற்றவருடையதும் உயர்ந்தே ஆக வேண்டும். இருவருக்குமே நெஞ்செரிச்சல் இருந்தாலோ, இருவருமே தூங்குமுன் சாய்ந்து தொலைக்காட்சி பார்ப்பவர்களாக இருந்தாலோ இது போதுமானது. தேவை வேறுபடும் தம்பதியர் இதை வாங்கினால், சில வாரங்களில் கட்டில் சமநிலையிலேயே நின்றுவிடும், அல்லது ஒருவர் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்குவார்.

இரண்டாவது தேர்வு, தனித்தனி மோட்டார் உள்ள இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி மெத்தை வைப்பது. இதில் நமக்கு ஒரு வசதி தானாகவே அமைந்திருக்கிறது. மலேசிய ஒற்றை மெத்தையின் அகலம் 3 அடி. இரண்டைச் சேர்த்தால் 6 அடி, அதாவது நம் கிங் அளவு அப்படியே கிடைத்துவிடும். மேலே விரிக்கும் போர்வைக்குக் கிங் அளவும், மெத்தையில் மாட்டும் விரிப்புக்கு ஒற்றை அளவும் எந்தச் சிறு நகரக் கடையிலும் கிடைக்கும். இறக்குமதியாகும் அமெரிக்க அளவுக் கட்டிலை வாங்குவோருக்கு இந்த வசதி இல்லை. அங்கே கிங் அளவின் பாதியான ஒரு மெத்தை 38 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்டது. நம்முடையது 36-க்கு 75. கட்டில் ஓர் அளவிலும் மெத்தை வேறோர் அளவிலும் வந்து சேர்ந்தால் கால்பக்கத்தில் ஐந்து அங்குலம் வெறும் சட்டமாக நிற்கும், விரிப்புக்கோ ஆயுள் முழுவதும் தையற்கடையை நாட வேண்டியிருக்கும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் அளவை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தனித்தனி மெத்தையின் பெரிய நன்மை தூக்கம் கலையாமை. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழும் நீரிழிவு நோயாளியின் அசைவு அடுத்தவரின் மெத்தைக்குச் செல்லாது. உடல் எடைக்கும் வலிக்கும் ஏற்ப ஒருவருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவருக்கு மென்மையானதும் வாங்கலாம். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். குறையும் உண்டு. நடுக்கோட்டில் ஒரு பிளவு இருக்கும். அணைத்துத் தூங்கிப் பழகியவர்களுக்கு அது சிறிய இழப்பன்று, அதைப் பொருட்படுத்தாமல் விற்பனையாளர் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இருவரும் சமமாகப் படுக்கும் நேரத்தில் பிளவின் மேல் நுரைப்பட்டை வைத்து மூடலாம், ஆனால் ஒரு பக்கம் உயர்ந்ததும் அது நழுவிவிடும். அத்துடன் 6 அடி அகலக் கட்டில் பத்தடி அறையில் பக்கத்துக்கு இரண்டடியைத்தான் விட்டுவைக்கும். அலமாரிக் கதவு திறக்குமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தலைப்பக்கம் மட்டும் பிளந்து கால்பக்கம் ஒன்றாக இருக்கும் மெத்தை. பிளவும் இல்லை, கட்டாய எழுச்சியும் இல்லை என்று விளம்பரம் கூறும். ஓரளவுக்கு அது உண்மைதான். தலையைத் தனித்தனியாக உயர்த்தலாம், இடுப்புக்குக் கீழே ஒரே படுக்கை. ஆனால் கால்பக்கம் இருவருக்கும் சேர்ந்தே அசைய வேண்டும். வீங்கிய காலை உயர்த்த விரும்பும் ஒருவரும், இதயச் செயலிழப்பு காரணமாக மருத்துவர் சொல்லாமல் காலை உயர்த்தக் கூடாத மற்றவரும் இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. மேலும் இதற்கான விரிப்பு சிறு நகரக் கடைகளில் கிடைப்பது அரிது. ஒரு பக்கம் குழிந்தால் மெத்தை முழுவதையும் மாற்ற வேண்டும். நம் ஊர் நிலைமைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வழி எந்த விளம்பரத்திலும் வராது, ஆனால் பல குடும்பங்களுக்கு அதுவே சரி. தலைப்பக்கம் உயர வேண்டியவருக்கு மட்டும் ஒரு மோட்டார் ஒற்றைக் கட்டிலும், மற்றவருக்குச் சாதாரண மரக்கட்டிலும் வாங்கி ஒட்டிப் போட்டால், செலவு ஏறக்குறைய பாதியாகும். இதில் கவனிக்க வேண்டியது உயரம் ஒன்றே. எடுத்துக்காட்டாக, மோட்டார் கட்டிலின் தளம் 14 அங்குலம், அதன் மெத்தை 8 அங்குலம் என்றால் மொத்தம் 22. மரக்கட்டிலின் பலகை 12 அங்குல உயரத்தில் இருந்தால் அதற்கு 10 அங்குல மெத்தை வேண்டும். ஓர் அங்குல வேறுபாடுகூட இரவில் புரளும்போது விலாவில் உறுத்தும். வழவழப்பான தரையில் இரண்டும் விலகாதிருக்கக் கால்களுக்கு அடியில் ரப்பர் குமிழ் வைக்கலாம். அசையும் சட்டத்தோடு மரக்கட்டிலைக் கயிறு போட்டுக் கட்டக் கூடாது.

எந்த அமைப்பானாலும் மெத்தை வளைய வேண்டும். நம் பெற்றோர் பயன்படுத்திய இலவம்பஞ்சு மெத்தை மடியும் இடத்தில் பஞ்சு ஒதுங்கிக் கட்டியாகிவிடும். கெட்டியான தேங்காய் நார் மெத்தை நாளடைவில் உடையும். கம்பிச்சுருள்கள் ஒன்றோடொன்று பின்னப்பட்டு, ஓரத்தில் இரும்புக் கம்பி ஓடும் பழைய வகை ஸ்பிரிங் மெத்தையை மோட்டார் கட்டிலில் போடவே கூடாது. ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் வளையும், ஓரக்கம்பி இல்லாததாகக் கேட்டு வாங்கினால். மெமரி ஃபோம் மிக நன்றாக வளையும் என்றாலும், அது வெப்பத்தில் இளகும் தன்மையுடையது. குளிரூட்டி இல்லாத அறையில் உடல் ஆழமாக அமிழ்ந்து வியர்க்கும், முழங்கால் வலியுள்ள முதியவர் அதிலிருந்து புரண்டு எழச் சிரமப்படுவார்.

எஞ்சுவது ரப்பர்ப் பாலில் செய்யும் லேடெக்ஸ் மெத்தை. பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த மரங்களின் வழித்தோன்றல்களில் அதிகாலைதோறும் பால் எடுத்தவர்கள் முதுமையில் அந்தப் பாலின் மீது படுத்து ஓய்வெடுப்பதில் எனக்குத் தனி மனநிறைவு உண்டு. உணர்வு ஒருபுறமிருக்க, வளைவு, மீள்விசை, காற்றோட்டம் ஆகிய மூன்றிலும் இதுவே நம் வெப்பத்துக்கு ஏற்றது. 8 முதல் 10 அங்குலத் தடிமன் போதும். 12-ஐத் தாண்டினால் மடிவது கடினமாகும். இதன் எடை அதிகம் என்பதால் தனித்தனி ஒற்றை மெத்தையாக வாங்குவது தூக்கித் துடைக்கவும் எளிது. இயற்கை ரப்பரா, செயற்கைக் கலப்பா என்று கேட்க வேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது, ஏனெனில் சூரிய ஒளியில் ரப்பர் பொடிந்துவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் பாக்கெட் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

மின்சாரத்தையும் மறந்துவிட முடியாது. பேராக்கில் மாலை நேர இடிமழை வழக்கமானது. மின்னழுத்தப் பாதுகாப்புள்ள செருகியில் இணைப்பதும், இடி முழங்கும்போது கழற்றிவிடுவதும் மோட்டாரைக் காக்கும். மின்தடையின்போது உயர்ந்த தலைப்பக்கத்தை இறக்க மின்கல வசதி உண்டா என்று கேட்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் பெட்டிகளையும் பாத்திரங்களையும் அடுக்கும் வழக்கத்தை விட வேண்டியிருக்கும். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் கட்டிலடியில் பாய் போட்டு உறங்கும் வீடுகளில் ரிமோட்டுக்குப் பூட்டு வசதி கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் இறங்கும் சட்டம் குழந்தையின் கையை நசுக்கக்கூடும். கொசுவலை கட்டுவோர், தலைப்பக்கம் முழுவதும் உயர்ந்த நிலையில் வலை முகத்தில் படாதபடி உயரத்தை அமைக்க வேண்டும்.

மொத்தத்தில், தேவை வேறுபடும் தம்பதியருக்கு இரண்டு ஒற்றை லேடெக்ஸ் மெத்தைகளே என் தேர்வு. பணம் இருந்தால் இரு மோட்டார், இல்லையென்றால் ஒரு மோட்டாரும் ஒரு மரக்கட்டிலும். கடைக்குப் பெற்றோரையும் அழைத்துச் சென்று, இருவரையும் அவரவர் பக்கத்தில் கால்மணி நேரமாவது படுக்கவைக்க வேண்டும். தலைப்பக்கத்தை முழுவதுமாக உயர்த்தி, இடுப்புப் பகுதியில் மெத்தைக்கும் தளத்துக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்க்கலாம். கை தாராளமாக நுழைந்தால் அந்த மெத்தை வளையவில்லை. மோட்டாருக்கும் சட்டத்துக்கும் தனித்தனியாக எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுதுபார்ப்பவர் சுங்கை சிப்புட்டுக்கு வருவாரா, வந்தால் பயணக் கட்டணம் யாருடையது என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.