‘75 சதவீத ஸ்காலர்ஷிப்’ என்று சட்டக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா? பணம் கட்டும் முன் படியுங்கள்

பெங்களூரில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பியூசி முடித்து, சட்டப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான கிளாட் எழுதி, எந்தச் சட்டக் கல்லூரி என்று குழம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் அக்கா மகளுக்கு நடந்த அநியாயம் எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரிக் கடிதங்கள் இந்த வருடமும் போய்க்கொண்டிருக்கின்றன.

அக்கா வீடு ஸ்ரீராமபுரத்தில். மாமா பீன்யாவில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். பெண் நன்றாகப் படிப்பாள், வக்கீல் ஆகவேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே அவள் ஆசை. நாகர்பாவியில் இருக்கும் தேசிய சட்டப் பள்ளிக்கு ரேங்க் போதவில்லை. மிச்சம் இருந்தவை மூன்று: வெளிமாநிலத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், ஊருக்குள்ளேயே கர்நாடக மாநில சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு பழைய கல்லூரி, அப்புறம் நகருக்கு வெளியே பளபளவென்று கட்டியிருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். முதலாவதில் விடுதியோடு சேர்த்துக் கட்டணம் அதிகம், இரண்டாவதில் கட்டணம் குறைவு ஆனால் ‘பெயர் இல்லை’ என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், மூன்றாவதிலிருந்து 75 சதவீத ஸ்காலர்ஷிப் என்று தங்க நிற எழுத்தில் கடிதம் வந்தது.

கூடவே போனும் வந்தது. அட்மிஷன் ஆபீஸில் இருப்பவர் அழகான தமிழில் பேசினார். “மேடம், ஸ்காலர்ஷிப் சீட் இன்னும் ரெண்டுதான் இருக்கு, சாயங்காலத்துக்குள்ள ஐம்பதாயிரம் கட்டிட்டீங்கன்னா உங்க பொண்ணுக்கு லாக் பண்ணிடறேன்.” அஞ்சு வருஷத்துக்கும் இதே சலுகைதானே என்று அக்கா கேட்டதற்கு, “நல்லாப் படிக்கிற பொண்ணுக்கு என்ன கவலை மேடம், அது தானா ரினியூ ஆகும்” என்றார். அக்கா கேட்கவேண்டியதைக் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் பதில் சொன்னார்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள், அதனால் கணக்கைக் கணக்காகவே வைக்கிறேன். கல்விக் கட்டணம் வருடத்துக்கு 3,20,000. அதில் 75 சதவீதம் போனால் 80,000. தேர்வுக் கட்டணம், நூலகம், ‘வளர்ச்சி நிதி’, பஸ் என்று இன்னொரு 70,000, இவற்றுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆக ஒன்றரை லட்சம், ஐந்து வருடத்துக்கு ஏழரை. அடமானம் கேட்காமல் வங்கிகள் வழக்கமாகக் கல்விக்கடன் கொடுக்கும் எல்லையும் ஏழரை லட்சம்தான். மாமா அதை வைத்துத்தான் சரி என்றார்.

இரண்டாம் வருடம் தொடங்கும்போது வந்த பில் 4,29,000. முழுக் கட்டணம், அதற்கு மேல் எல்லாத் தலைப்பிலும் 10 சதவீத உயர்வு. ஸ்காலர்ஷிப் நிபந்தனையைப் பூர்த்தி செய்யவில்லையாம். என்ன நிபந்தனை? கடிதத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, ‘அவ்வப்போது திருத்தப்படும் பல்கலைக்கழகக் கொள்கைக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்தக் கொள்கை கடிதத்தோடு வரவில்லை, இணையதளத்திலும் இல்லை, சேர்ந்த பிறகு மாணவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில்தான் இருந்தது: அரியர் இருக்கக் கூடாது, வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரவேண்டும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வகுப்பில் 60 பேர். அவர்களில் பாதிக்கு மேல் இதே மாதிரிக் கடிதத்தோடு வந்தவர்கள் என்று பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிப் பார்த்தபோது தெரிந்தது. 60-ல் 10 சதவீதம் ஆறு பேர். முப்பது பேருக்குச் சலுகை கொடுத்துச் சேர்த்துவிட்டு ஆறு பேருக்கு மட்டும் இடம் வைத்தால், அத்தனை பேரும் ராத்திரி பகலாகப் படித்தாலும் இருபத்து நான்கு பேர் இழந்தே தீரவேண்டும். பெண் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று மாமாவிடம் அந்த ஆபீஸில் சொன்னார்களே, அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அவள் ஒரு பேப்பரில்கூட அரியர் வைக்கவில்லை.

அமெரிக்காவில் இதே வித்தை பெரிய அளவில் நடந்து, இப்போது அங்கே நிபந்தனையோடு ஸ்காலர்ஷிப் கொடுக்கும் சட்டக் கல்லூரிகள், எத்தனை பேருக்குக் கொடுத்தோம், அவர்களில் எத்தனை பேருக்குக் குறைந்தது அல்லது நின்றது என்பதை வருடா வருடம் வெளியிட்டாக வேண்டும். அங்கே சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் வக்கீல்கள் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷனின் விதி அது. இங்கே நான் தேடிய கல்லூரித் தளங்கள் எதிலும் அப்படி ஒரு அட்டவணை கண்ணில் படவில்லை. அதனால் நீங்களேதான் கேட்கவேண்டும், அதுவும் மின்னஞ்சலில்: போன வருடம் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், இரண்டாம் வருடத்தில் எத்தனை பேருக்குத் தொடர்கிறது? பதில் போனில் மட்டும் வந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அந்த விலையில் தொடர்ந்திருந்தால் மீதி நான்கு வருடத்துக்கு, உயர்வையும் சேர்த்து, கிட்டத்தட்ட 20 லட்சம். பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் என்றால் மாதம் 27,000 ரூபாய் இஎம்ஐ, படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே. இளம் வக்கீல்களுக்கு நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 கொடுக்கும்படி, வக்கீல்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பான இந்திய பார் கவுன்சில் 2024-ல் பரிந்துரைத்தது, அதுவும் பரிந்துரைதான். மேயோ ஹால் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேரும் பெண் எங்கிருந்து அந்த இஎம்ஐ கட்டுவாள்?

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்குப் பெரும்பாலும் போவது விரல் விட்டு எண்ணக்கூடிய பழைய தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத்தான். நாகர்பாவியில் இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது சேர்க்கலாம் என்பது என் கருத்து, அங்கே கர்நாடகாவில் பத்து வருடம் படித்தவர்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது, நம் பிள்ளைகள் பலர் அதில் வருவார்கள், தாய்மொழி தடை இல்லை. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, ஆனால் கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கவேண்டும், முதலில் அதைப் பாருங்கள். மற்றபடி பளபளப்புக் கட்டிடத்துக்கு அந்த விலை கொடுக்கவேண்டியதில்லை.

விலகுவதையும் அவர்கள் எளிதாக்கவில்லை. வேறு கல்லூரியில் நேராக இரண்டாம் வருடம் சேர, பாடத்திட்டம் ஒத்துப்போகவேண்டும், காலியிடமும் வேண்டும், இரண்டும் அமையவில்லை. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால் ‘பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடவேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவாளருக்கு எழுதி, யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் போட்ட பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது. கட்டிய ஒன்றரை லட்சம் வரவில்லை. அவள் இப்போது ஊருக்குள் இருக்கும் அந்தப் பழைய கல்லூரியில் மறுபடி முதல் வருடம் படிக்கிறாள்.

இன்னும் பணம் கட்டாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘சாயங்காலத்துக்குள்’ என்பது வெறும் மிரட்டல். அந்த 2018 அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால், கையாளும் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய் போக, கட்டணம் முழுதும், அந்த நாளுக்குப் பின் பதினைந்து நாளுக்குள் விலகினால் 80 சதவீதமும் திருப்பித் தரவேண்டும், முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் அந்தக் கடைசி நாள் எது என்று இன்றே கேட்டு வாங்குங்கள், மாணவர் கையேட்டையும் சேர்த்து. கடிதத்தில் எந்தப் பக்கம் புரியவில்லையோ அதைப் பெயரை மறைத்து எனக்கு அனுப்பினால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.