ஏழு ஆண்டுகளுக்குப் பின் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்: துடைக்க முடியாத ஒரு மூட்டம்

சென்ற வாரம் எங்கள் கூடத்துச் சன்னலில் ஒரு கண்ணாடியை மாற்றினோம். தம்முடைய பழைய வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடிச் சன்னல் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதும் அதே நாளில்தான். கையில் இன்னும் சிலிகோன் பசை காயாத நிலையில், "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அது நியாயமான பதிலா என்ற உறுத்தல் இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது சுண்ணாம்புக் காரையால் கட்டிய தடித்த சுவர்களைக் கொண்ட பழைய வீடு. எட்டுச் சன்னல்களில் ஏழு சன்னல்களை ஏழு ஆண்டுகளுக்கு முன் இரட்டைக் கண்ணாடிக்கு மாற்றினோம். பழைய மர நிலைகளைப் பெயர்த்தபின் மூலைவிட்டங்களை அளந்து பார்த்தால், ஒரு திறப்பில் மட்டும் இரண்டுக்கும் 14 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. அளவெடுக்க வந்தவர் அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, அவற்றில் சிறியதையே எடுத்துக்கொண்டார். அதுதான் சரியான முறை. ஏனெனில் இந்தக் கண்ணாடிகள் நடுவே இடைவெளி விட்டு, இரண்டிரண்டாகத் தொழிற்சாலையில் விளிம்பு மூடப்பட்டு வருபவை, வந்த இடத்தில் ஒரு நூல்கூட நறுக்க முடியாது. சுண்ணாம்புச் சுவர் திருகாணியைப் பிடிக்காமல் உதிர்ந்ததும், நீளமான ஆணிகளுக்காக இரண்டு நாள் காத்திருந்ததும் இப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் யூ-மதிப்பு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் அளவு, ஏறத்தாழ 5.7 என்பதும், வெப்பக் கதிரைத் தடுக்கும் லோ-ஈ பூச்சும் இடைவெளியில் ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடியில் அது 1.2 அளவுக்கு இறங்கும் என்பதும் வாங்க நினைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்குகள். எனக்குப் புரிந்ததெல்லாம், சன்னலை ஒட்டிய நாற்காலியில் எந்தப் பருவத்திலும் உட்கார முடிகிறது என்பதுதான். தெருவின் பேச்சும் ஒலிப்பானும் வெகுவாக அடங்கிவிட்டன. பேருந்து நின்று உறுமும்போது எழும் தாழ்ந்த ஒலி மட்டும் அடங்கவில்லை. 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டும் 16 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட அமைப்பு, 200 ஹெர்ட்சை ஒட்டிய ஒலிக்குத் தானும் சேர்ந்து அதிர்கிறது; இரண்டு கண்ணாடிகளையும் வெவ்வேறு தடிமனில் கேட்டு வாங்கியிருந்தால் ஓரளவு குறைந்திருக்கும். அதையும் நான் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அந்த மூட்டம். ஐந்தாம் ஆண்டின் ஒரு விடியற்காலையில், கூடத்துச் சன்னலின் கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு மங்கலாகத் தெரிந்தது. உள்ளே துடைத்தேன், போகவில்லை. வெளியே போய்த் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே இருக்கும் அழுக்கை எந்தத் துணியாலும் தொட முடியாது என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தினமும் காலையில் துணியோடு அதன் முன் போய் நின்றேன். நிறுவியவர்களை அழைத்தால் அவர்கள் நண்பகலில் வருவார்கள். வெயில் ஏறிக் கண்ணாடி சூடானதும் மூட்டம் ஆவியாகி மறைந்திருக்கும். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை, விடியுமுன் வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று சொல்லி வரவழைத்தேன்.

வந்தவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. குனிந்து சட்டத்தின் வெளிப்புற அடிப்பகுதியைப் பார்த்தார். அங்கே நீர் வெளியேறுவதற்கான சிறு துளைகள் இருக்க வேண்டும். எங்கள் சட்டத்தில் அவற்றைச் சாயம் அடிக்குமுன் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டி அடைத்திருந்தது. மழைநீர் ரப்பர் விளிம்பைத் தாண்டிச் சட்டத்துக்குள் சிறிது இறங்குவது இயல்பு, அது வடிந்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்தத் துளைகள். வடியாமல் தேங்கிய நீரில் கண்ணாடியின் அடிவிளிம்பு ஊறி ஒட்டுப் பசை விட்டுப்போய், இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்தும் இடைப்பட்டைக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளும் நிறைந்துவிட்டால், அதன்பின் வருகிற ஈரம் கண்ணாடியில்தான் படியும். மற்ற ஆறு சன்னல்களுக்கு மேலே அகலமான தாழ்வாரம் இருப்பதால் அவை தப்பின.

அந்தப் பட்டியை வைத்தவர் எங்கள் வீட்டுக்குச் சாயம் அடித்தவர். வைக்கச் சொன்னவன் நான். துளைகள் வழியே எறும்பு வருகிறது, அடைத்துவிடுங்கள் என்று நானே காட்டினேன். உத்தரவாதத் தாளின் பின்பக்கம், வடிகால் துளைகளை அடைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருந்ததையும் அன்றுதான் படித்தேன். அப்படியானால் என் கோபத்துக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். ஏழு சன்னல்களைப் பொருத்தி, தாழ்ப்பாளை எப்படித் திருப்புவது என்று அரை மணி நேரம் கற்றுக்கொடுத்தவர்கள், இந்தத் துளைகளைத் தொடாதீர்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் அல்லவா?

கண்ணாடியை மாற்ற நான் மனம் ஒப்புவதற்கு மேலும் ஓராண்டு ஆயிற்று. அதற்குள் உள்ளே வெண்கறை நிரந்தரமாகப் படிந்துவிட்டது. வேலை என்னவோ சிறியதுதான்: கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்பட்டைகளை நெம்பி எடுத்து, பழையதைக் கழற்றி, அடியில் தாங்குகட்டைகளை வைத்துப் புதியதை நிறுத்த அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. சட்டத்தைத் தொடவே இல்லை. ஆனால் அந்த அளவில் கண்ணாடி செய்து வருவதற்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை கூடத்தின் வெளிச்சத்தைக் கறை படிந்த கண்ணாடி வழியாகவே பெற்றோம்.

நண்பர் மறுபடி அழைத்தார். வெப்பம், ஒலி, தூசி என ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்லது என்றே சொன்னேன். "அப்படியானால் போடலாம்தானே?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். எட்டாவது சன்னல் பின்னறையில் இன்னும் பழைய மரச்சட்டத்தோடு இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு, தோளால் முட்டினால்தான் மூடுகிறது, காற்றும் தூசியும் தாராளமாக வருகின்றன. போன ஆண்டு அதன் கண்ணாடி உடைந்தபோது, காலையில் அளவு கொடுத்து மாலைக்குள் நானே பொருத்திவிட்டேன். அதை மாற்ற ஆள் அனுப்பட்டுமா என்று நிறுவியவர்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.