சுற்றிக்கொண்டே இருந்தேன், ஒன்றுமே மாறவில்லை: போலி சிபிஎல் வாங்கி ஏமாந்த கதை

77 எம்எம் சிபிஎல் (கேமரா லென்ஸில் மாட்டிச் சுற்றினால் பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர்) ஒன்று, 1/4 ப்ளாக் மிஸ்ட் (வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் ஃபில்டர், 1/4 என்பது அதன் வீரியம்) ஒன்று, இரண்டும் சேர்த்து ரூ. 2,350 என்று ஆன்லைனில் பார்த்ததும் கை பரபரத்தது. இந்த விலைக்கு இரண்டு நல்ல ஃபில்டர் வராது என்று தெரியாதவன் இல்லை, பத்து வருஷமாகக் கல்யாண ஃபோட்டோ வேலை பார்க்கிறவன். ஆனாலும் ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் படமெடுக்கக் கூப்பிட்டிருந்தார், என் பழைய ஃபில்டரோ போன மாதம்தான் ஒரு மண்டபத்தில் கீழே விழுந்து விரிசல் விட்டிருந்தது, அவசரம், வாங்கிவிட்டேன்.

பெட்டியெல்லாம் அசத்தல். காந்த மூடி, துடைக்கத் துணி, ‘ஒரிஜினல்’ என்று மின்னும் ஸ்டிக்கர். வளையம் வழுக்கிக்கொண்டு சுற்றியது, கண்ணாடியும் கறுப்பாகத்தான் இருந்தது. அதோடு திருப்தியாகிப் பைக்குள் போட்டேன் பாருங்கள், அங்கேதான் தப்பு.

ஏற்காட்டில் முதல் நாள் நல்ல மழை. மறுநாள் காலையில் காப்பி இலைகளெல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன, சிபிஎல்லுக்கென்றே அமைந்த காட்சி. இலைமேல் இருக்கும் அந்த வெள்ளைப் பளபளப்பை வெட்டினால் அடியிலுள்ள பச்சை தானாக எழும்பி வரும், எடிட்டிங்கில் எவ்வளவு சாச்சுரேஷன் ஏற்றினாலும் அது கிடைக்காது. சுற்றினேன். கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று. அப்படியே இருந்தது.

சரி, கோணம்தான் தப்பு போல என்று நீச்சல் குளத்துக்குப் போனேன். தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் போலரைசர் வேலை செய்யாது, ரொம்பச் சாய்ந்து பார்த்தாலும் சரிவராது, செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரியில்தான் பிரதிபலிப்பு நன்றாக வெட்டுப்படும். அதற்காக முட்டி போட்டேன், ஸ்டூல் மேல் ஏறினேன், குளத்தை இரண்டு தடவை சுற்றி வந்தேன். தண்ணீரில் வானம்தான் தெரிந்தது, அடியில் இருந்த நீல டைல்ஸ் ஒன்றுகூடத் தெரியவில்லை. “என்ன தம்பி, லென்ஸ் கெட்டுப்போச்சா?” என்று ஹோம்ஸ்டேக்காரர் கேட்டார். “இல்லண்ணா, வெளிச்சம் சரியில்ல” என்று சமாளித்தேன்.

ராத்திரி ரூமில் லேப்டாப்பைத் திறந்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைப் போட்டு, ஃபில்டரின் முன்பக்கம் திரையைப் பார்க்கிற மாதிரி பிடித்து, லென்ஸில் மாட்டும் மரை இருக்கிற பக்கத்தில் கண்ணை வைத்துச் சுற்றினேன். எல்சிடி திரையிலிருந்து வருவதே போலரைஸ் ஆன, அதாவது ஒரே திசையில் அதிருகிற வெளிச்சம்தான், அதனால் நிஜமான சிபிஎல்லாக இருந்தால் ஒரு இடத்தில் திரை கும்மிருட்டாகிவிடும், அங்கிருந்து கால் சுற்றில் மறுபடி வெளுக்கும். என்னுடையதில் எங்கே திருப்பினாலும் ஒரே சாம்பல். அது போலரைசரே இல்லை, சுற்றுகிற வளையத்தில் மாட்டிய கறுப்புக் கண்ணாடி! நாள் முழுக்க ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தைச் சும்மா தின்றிருக்கிறது, நானும் ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பின்னாக மாற்றிப் பிடித்தால் நல்ல சிபிஎல்கூட இருட்டாகாது, நிறம் லேசாக மாறும், அவ்வளவுதான், ஏனென்றால் அதன் பின்பக்கத்தில் வெளிச்சத்தை வட்டமாக முறுக்கிவிடும் இன்னொரு படலம் ஒட்டியிருக்கும். ஆகவே விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால் திருப்பிப் பாருங்கள். லேப்டாப் இல்லையென்றால் முகம் பார்க்கும் கண்ணாடி போதும். மரைப் பக்கம் கண்ணாடியைப் பார்க்க, ஃபில்டர் வழியாக அதன் பிம்பத்தையே பாருங்கள், சிபிஎல் என்றால் பிம்பத்தில் வளையத்துக்குள் கறுப்பாகத் தெரியும், திருப்பிப் பிடித்தால் தெளியும். இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தால் அது ஒன்று லீனியர் (அந்தப் பின்பக்கப் படலம் இல்லாத போலரைசர்), அல்லது என்னுடையதைப் போல வெறும் கண்ணாடி.

அப்புறம் அந்த மிஸ்ட். அதைத் தனியாகச் சோதிக்காமலே அடுத்த வாரம் ஒரு ரிசப்ஷனுக்கு மாட்டினேன் (திருந்தாத ஜென்மம்). 1/4 என்றால் சீரியல் பல்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு ஒளிவட்டம் வரும், முகம் கொஞ்சம் மென்மையாகும், கறுப்புத் துகள் கலந்திருப்பதால் கறுப்பு ஓரளவு கறுப்பாகவே நிற்கும். ஒரே ஃபில்டர் லென்ஸ் 24 எம்எம்மில் இருந்தால் கம்மியாகவும் 70 எம்எம்முக்கு ஜூம் செய்தால் தூக்கலாகவும் தெரியும் என்பதால் முதலில் ஜூமைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் 24இலேயே படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி இருந்தது, மாப்பிள்ளையின் கறுப்பு கோட் சாம்பலாகிவிட்டது. போனின் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தால் துகளெல்லாம் ஒரு ஓரமாகத் திட்டுத் திட்டாக ஒதுங்கியிருக்கிறது, துணியால் துடைத்தால் துணியோடு வருகிறது. டிஃபன் (Tiffen) மாதிரி ஃபில்டர் கம்பெனிகள் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து ஒட்டுகிற சமாச்சாரத்தை இவர்கள் மேலே ஸ்ப்ரே அடித்து அனுப்பியிருக்கிறார்கள். போலி சிபிஎல்லால் படம் சாதாரணமாக வந்தது, அதையாவது கொடுக்கலாம். இதில் எடுத்ததை ரா (RAW) ஃபைலில் டீஹேஸ் (மங்கலைக் குறைக்கும் எடிட்டிங் வசதி) போட்டு இழுத்தால் முகமெல்லாம் திட்டு. வரவேற்பில் எடுத்த நாற்பது படங்களைக் கொடுக்காமல் மறைத்தேன், இன்னும் அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அந்தப் பையன் சொன்னது அப்படியே: “சார், வெயில்ல காட்டிப் பாருங்க, கூலிங் கிளாஸ் மாதிரி இருட்டா தெரியுதா? அப்ப ஒரிஜினல்தான் சார்.” லேப்டாப் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பினால், சீல் பிரித்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை என்று பதில். சீலைப் பிரிக்காமல் எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று கேட்டதற்கு மூன்று நாள் மௌனம். அதற்குமேல்தான் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து, பில்லும் வீடியோவும் கொடுத்துப் புகார் பதிந்தேன். பதினோராவது நாள் சிபிஎல்லுக்கான பாதிப் பணம் வந்தது. மிஸ்ட்டுக்கு “எஃபெக்ட் ஆளாளுக்கு மாறும்” என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள்.

நேற்று பார்த்தேன், அந்தக் கடை அங்கே இல்லை. அதே காம்போ வேறு பெயரில், ரூ. 100 குறைத்து. படத்தில் ஃபில்டரைப் பிடித்திருப்பது அதே நகம் உடைந்த கட்டைவிரல்.